குமுளியில் வாங்கிய சூடு

உத்தமபாளையம் தாண்டி ஒரு வளைவில் பிரேக் பிடிக்கக் காலைத் தூக்கினேன். கால் வந்தது, செருப்பு வரவில்லை. ரப்பர் இளகி வண்டியின் தரையோடு ஒட்டியிருந்தது. எதிரே வாழைத்தார் ஏற்றிய லாரி. வெறுங்காலால் பிரேக்கை மிதித்தேன். பெடல் தோசைக்கல் மாதிரி சுட்டது. லாரிக்காரர் கையை வெளியே நீட்டித் திட்டினார். நானும் திட்டினேன்.

பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரர் இரண்டு கால்களையும் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வண்டி நல்லாத்தான போகுது" என்றார்.

அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சின்னமனூர் பக்கம் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். செடியை அவர் பார்ப்பார். டிராக்டர், மினி லாரி எல்லாம் ஓட்டுவது நான். வண்டி ஓட்டத் தெரியாதவர்களுக்கு வண்டியைப் பற்றி எல்லாமே தெரியும். கல்யாணமான நாளிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வண்டி ஒரு பழைய வேன். உள்ளே படுக்கை, கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பின்மூலையில் கதவு வைத்த சின்னக் கக்கூஸ். குமுளியில் வெள்ளைக்காரர்களை ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மலையாளி தொழிலை விட்டுவிட்டு விற்றார். இஞ்சின் இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில், ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். பழைய வேன்கள் அப்படித்தான்.

நாங்கள் அதைப் பார்க்கப் போனது மார்கழி மாதம். குமுளியில் பனி கொட்டுகிறது. நானும் அவரும் பல் கிட்டித்து நிற்கிறோம். விற்பவர் இஞ்சினை ஓடவிட்டு முன்சீட்டில் ஏறச் சொன்னார். ஏறினால் காலிலிருந்து இதமாகச் சூடு ஏறுகிறது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "ஏத்தா, கதகதன்னு எம்புட்டு நல்லாருக்கு" என்றார். "ஹீட்டர் உண்டு" என்றார் விற்பவர், சொந்தப் பிள்ளை படித்துப் பாஸான மாதிரி. எனக்கும் அந்தச் சூட்டை விட்டு இறங்க மனசில்லை. குளிரில் நடுங்குகிற ஆளிடம் சூடான வண்டியை விற்பதுதான் வியாபாரம்.

மலையிலிருந்து இறங்கிக் கூடலூர் வந்தபோது ஸ்வெட்டரைக் கழற்றினோம். கம்பத்தில் கண்ணாடிகளை இறக்கினோம். சின்னமனூரில் இட்லிச் சட்டியிலிருந்து எடுத்த மாதிரி இறங்கினோம்.

"வெயிலு" என்றார் அவர். மார்கழி மாத மாலை வெயில்.

வண்டியை வாங்கியது நாங்கள் ஊர் சுற்ற இல்லை. என் அக்காவுக்காக. அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. கர்ப்பப்பை எடுத்த பிறகு அரைமணிக்கு ஒருதரம் கக்கூஸ் போயாக வேண்டும். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுடி. ஊருல பாதிப் பொம்பளைக்கு அதான். எவளும் வாயத் திறக்க மாட்டேங்குறா" என்றாள். எழுதிவிட்டேன். ஆண்களுக்கு ரோட்டோரம் முழுக்கக் கக்கூஸ்தான். பெண்களுக்கு அடுத்த பெட்ரோல் பங்க் வரை பல்லைக் கடிக்க வேண்டும், அங்கே போனாலும் பூட்டியிருக்கும். அதனால் அக்கா பஸ் ஏறுவதையே விட்டுவிட்டாள். சின்னமனூர்தான் அவளுக்கு உலகம்.

அவளுக்கு ஒரே மகள். கட்டப்பனைப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தோம். கல்யாணம் சின்னமனூர் மண்டபத்திலேயே நடந்தது. மகள் வாழப்போன வீட்டை அக்கா இதுவரை பார்த்ததில்லை. அக்காவின் வீட்டுக்காரர், அதாவது எங்கள் மாமா, மாதம் ஒருதரம் போய் வருவார். வந்ததும் அக்கா விசாரிப்பாள்.

"அடுப்படி எப்படி இருக்கு?"

"அடுப்படி மாதிரி இருக்கு."

"சன்னல் இருக்கா?"

"இருக்கும்."

"இருக்கும்னா? பாத்தீகளா இல்லையா?"

"நான் சோறு திங்கப் போனேனா, சன்னலு எண்ணப் போனேனா?"

மகள் செல்போனில் வீட்டைக் காட்டுவாள். மலையில் சிக்னல் கிடையாது. படம் பாதியில் நின்றுவிடும். அக்கா பார்த்ததெல்லாம் ஒரு பச்சைச் சுவரும் மகளின் கட்டைவிரலும்தான்.

மகள் உண்டானாள். பங்குனியில் ஏழாம் மாதம், வளைகாப்பு. எங்கள் பக்கம் தாய்வீட்டார் வகைவகையாகச் சோறு கிண்டி எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், வளையல் போட்டு, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். "இந்தத் தடவை நானே போவேன். போற வழியில செத்தாலும் பரவால்ல" என்றாள் அக்கா. அதற்குத்தான் கக்கூஸ் வைத்த வண்டி.

ஒரு சிக்கல் இருந்தது. அக்கா பின்னால் உட்கார்ந்தால் வாந்தி எடுப்பாள். ரோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும், முன்சீட்டில்தான் உட்கார வேண்டும். பழகட்டும் என்று ஒருநாள் தேனி வரை கூட்டிப்போய் வந்தேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்கு வேர்த்து ஊற்றுகிறது, அவள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் பார்த்தோம். குதிகாலுக்குப் பக்கத்தில் பெரிய கொப்புளம்.

கிளினிக் நர்ஸ் என்னைத்தான் பிடித்தாள். "சுகர்க்காரவுகளுக்குக் கால்ல சூடு தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாதாக்கா? தீயில வச்சாலும் பேசாம இருப்பாக. இன்னொரு கொப்புளம் வந்து சீழ் வச்சுதுன்னா விரலையே எடுக்க வேண்டி வரும். அந்த வண்டிச் சூடு நிக்கிற வரைக்கும் இவுகள அதுல ஏத்தாதீக."

முன்சீட்டில் உட்கார்ந்தால் கால் போகும். பின்னால் உட்கார்ந்தால் குடல் வெளியே வரும். அந்தச் சூடு நின்றால்தான் அக்கா மகள் வீட்டைப் பார்ப்பாள்.

என் வீட்டுக்காரர் களத்தில் இறங்கினார். இஞ்சின் மூடியில்தான் சூடு என்று அவரே தீர்ப்புச் சொன்னார். திராட்சைப் பெட்டிக்குள் வைக்கிற தெர்மாகோலை வெட்டி மூடியைச் சுற்றி ஒட்டினார். கம்பம் போவதற்குள் அது உருகி வண்டிக்குள் வந்த நாற்றத்தில் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்து நனைத்த சாக்கு. நனைத்த சாக்கிலிருந்து ஆவி கிளம்பி, சுட்டுக்கொண்டிருந்தவளை அவித்தது. அடுத்து ஒரு சின்ன மின்விசிறி. அது சூட்டை எடுத்து நேராக என் முகத்தில் அடித்தது.

"ஹீட்டர் ஓடுதான்னு பாருங்க" என்றேன்.

"ஹீட்டர் ஆஃபுலதான் இருக்கு. இந்தா பாரு, குமிழ் நீலத்துப் பக்கம் திரும்பியிருக்கு."

குமிழைத் திருப்பினேன். சிவப்புக்குத் திருப்பினாலும் நீலத்துக்குத் திருப்பினாலும் ஒன்றுதான். கதவில்லாத வீட்டுக்குச் சாவி போட்ட மாதிரி இருந்தது.

சின்னமனூரில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். கை கெட்டி, வாய் அதைவிடக் கெட்டி. முதல்முறை பார்த்து, "சைலன்சர் சூடுக்கா" என்றார். அதற்குத் தகடு அடித்தார். சூடு குறையவில்லை. இரண்டாம் முறை, "தெர்மோஸ்டாட்டு" என்று ஒரு பாகத்தை மாற்றினார். குறையவில்லை. மூன்றாம் முறை இஞ்சின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தவர், "இதான்னு நான் முதல்லயே நினைச்சேன்" என்றார்.

"நினைச்சதச் சொல்ல வேண்டியதுதான?"

"நீங்க கேக்கலையேக்கா."

பிறகு காட்டினார். இஞ்சினைச் சுற்றிக் கொதித்து வரும் தண்ணீரில் ஒரு பங்கு, விரல் தடிமனுள்ள இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் போய்த் திரும்புகிறது. அங்கே சின்ன ரேடியேட்டர் மாதிரி ஒரு பெட்டி. அதுதான் ஹீட்டர். தண்ணீரை நிறுத்த ஹோஸில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். குமிழைத் திருப்பினால் ஒரு கம்பி அந்தக் குழாயை மூட வேண்டும். அந்தக் கம்பியை யாரோ வெட்டி எறிந்துவிட்டு, குழாய் திறந்தபடியே இருக்க இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"எதுக்குக் கட்டி வச்சாக?" என்று கேட்டேன்.

"குளிரு ஊர்க்காரன். அவனுக்கு எப்பவும் சூடு வேணும், கட்டிப்புட்டான்" என்றார் மெக்கானிக். என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். நானும் ஒத்துக்கொண்டேன். மூன்று பேருக்கும் அதற்குமேல் யோசனை ஓடவில்லை.

கட்டை அவிழ்த்துக் குழாயை மூடப்பார்த்தார். துருப்பிடித்திருந்தது, கையோடு முறிந்து வந்துவிட்டது. புதுக்குழாய் மதுரையில்தான் கிடைக்கும், பழைய மாடல், வந்தால் வரும் என்றார். அவசரமென்றால் இரண்டு ஹோஸையும் ஹீட்டருக்குப் போகாமல் சேர்த்துக் கட்டிவிடலாம் என்றார்.

என் வீட்டுக்காரர் ஹோஸின் வாயை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் வந்தால் வீட்டில் ஏதோ ஒன்று கெடப்போகிறது என்று அர்த்தம்.

"இது பதினாறு எம்எம்" என்றார்.

திராட்சைத் தோட்டம் முழுக்கச் சொட்டுநீர்ப் பாசனம், எங்கள் ஊர் வாக்கில் டிரிப், போட்டவர் அவர். செடி வரிசைகளில் ஓடும் கறுப்புக் குழாய் பதினாறு எம்எம். ஒவ்வொரு வரிசைத் தலைப்பிலும் திருகினால் மூடும் குட்டி பிளாஸ்டிக் வால்வு. அது எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவிலும் கிடக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் தோட்டக்காரர்களுக்கு உலகத்தில் உள்ள எந்தக் கோளாறும் சொட்டுநீர்ச் சாமானில் அடங்கும். எங்கள் வீட்டுக் கொடிக்கயிறு டிரிப் குழாய். குளியலறைக் குழாய்க்கு டிரிப் வால்வு. பூசை மணியைக்கூட ஒரு டிரிப் கிளிப்பில்தான் தொங்கவிட்டிருக்கிறார்.

"மருதையில இருந்து எதுக்கு வரணும்? என் தோட்டத்துல ஆயிரம் கெடக்கு" என்றார்.

"அது பச்சத்தண்ணிக்குள்ளது. இது கொதிக்கிற தண்ணி" என்றேன்.

"அஞ்சு வருசமா வெயில்ல கெடக்கு. ஒரு வால்வு உருகுச்சா?"

மெக்கானிக்கைப் பார்த்தேன். "போட்டுப் பாக்கலாம்க்கா" என்றார். அவருக்கு என்ன, பார்க்கப்போவது நாங்கள்தானே.

வால்வு கொஞ்சம் லூசாக இருந்தது. சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி, கிளாம்ப் போட்டு முறுக்கினார்கள். வால்வை மூடினார்கள். வண்டியைக் கம்பம் வரை ஓட்டிப்போய் வந்தேன்.

சூடு இல்லை. எனக்கே நம்ப முடியவில்லை. தரை தொட்டுப் பார்க்கிற அளவுக்கு இருந்தது. கால் கால் மாதிரி இருந்தது. அதன் பிறகு ஒரு வாரம் வீட்டில் இவரோடு இருக்க முடியவில்லை. தோட்டத்துக்கு வந்த திராட்சை வியாபாரியைப் பிடித்துக்கொண்டுவந்து வண்டியில் உட்காரவைத்தார். "கால வையுங்க, கால வையுங்க. எப்படி இருக்கு?" வியாபாரி திராட்சை விலை பேச வந்தவர், பாவம்.

வளைகாப்பு அன்று காலை கிளம்பினோம். மாமா முந்தின நாளே வாழைத்தாரோடு பஸ்ஸில் போய்விட்டார். பின்னால் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் அண்டாக்களில். அவற்றுக்கு நடுவில் என் வீட்டுக்காரர், மடியில் வளையல் பெட்டியோடு. முன்சீட்டில் பட்டுச்சேலை கட்டி அக்கா. கால் தரையில். நான் அடிக்கடி கையை விட்டுத் தரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தினேன், அவள் பின்னால் போய்விட்டு வந்தாள். "ராணி மாதிரி போறேன்டி" என்றாள்.

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு மலை ஏறத் தொடங்கியது. சில வளைவுகள்தான் ஏறியிருப்போம். சூடு காட்டும் முள் நகர ஆரம்பித்தது. இத்தனை நாள் பாதியில் படுத்துக் கிடந்த முள் அது. முக்காலுக்கு வந்தது. சிவப்பைத் தொட்டது.

"முள்ளு ஏறுது" என்றேன்.

"பழைய வண்டி, முள்ளு பொய் சொல்லும்" என்று அண்டாக்களுக்கு நடுவிலிருந்து பதில் வந்தது.

முன்னால் வெள்ளையாக ஆவி கிளம்பியது. ஓரமாக விரிந்த ஒரு வளைவில் வண்டியை ஒதுக்கி நிறுத்தினேன். "இந்த ஆவியும் பொய்யா?" என்று கத்தினேன். அவர் வளையல் பெட்டியைக் கீழே வைக்காமல் இறங்கி வந்து பார்த்தார். மேலே ஏறிக்கொண்டிருந்த ஜீப்புக்காரர்கள் எல்லாம் தலையை நீட்டி யோசனை சொல்லிக்கொண்டே போனார்கள். ஒருவரும் நிற்கவில்லை.

குமுளிக்காரருக்குப் போன் போட்டேன். நல்ல வேளையாக அந்த வளைவில் சிக்னல் இருந்தது.

"சேச்சி, சுகந்தன்னே?" என்றார்.

"சொகம் இருக்கட்டும். வண்டி மலையில கொதிச்சு நிக்குது."

"ஐயோ. ஹீட்டர் தொறந்துதானே இருக்கு?"

"மூடிட்டோம்."

அவர் மெதுவாகச் சொன்னார். "அது மூடக் கூடாது சேச்சி. ஆ வண்டி ரேடியேட்டருக்குக் கொறச்சு அடைப்பு உண்டு. ஹீட்டர் தொறந்து இட்டா எஞ்சின் சூடு அது வழி போகும். அதுக்குத்தானே ஞான் கம்பி போட்டுக் கட்டி வச்சது."

"இத விக்கிறப்ப ஏன்யா சொல்லல?"

"ஹீட்டர் உண்டுன்னு சொன்னேனே சேச்சி!"

நான் அவரிடம் அதற்குப் பிறகு பேசியதை அச்சில் போட மாட்டார்கள்.

எங்கள் காலைச் சுட்ட சூடுதான் இஞ்சினைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் அடைத்துக் கிடந்த வண்டி எங்கள் சீட்டுக்கடியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்த மூக்கைத்தான் பிடித்து அமுக்கியிருந்தோம். சமவெளியில் தாங்கியது. மலையில் தாங்கவில்லை.

"வால்வத் திறங்க" என்றேன்.

இஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்து மூடியைத் தூக்கினோம். என் வீட்டுக்காரர் துணியைச் சுற்றி வால்வைத் திருகினார். திருகின பிடி திரும்பியது, வால்வு திரும்பவில்லை. இன்னொரு முறை திருகினார். பிடி கையோடு வந்துவிட்டது. வெந்த சேப்பங்கிழங்கு மாதிரி வளைந்திருந்தது. அவர் அதை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"வெயில்ல ஒண்ணும் ஆகலையே" என்றார்.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா போன் செய்தார்கள். ராகுகாலத்துக்கு முன்னால் வளையல் போட வேண்டும், எல்லோரும் வந்துவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அக்காவுக்கும் கேட்டது.

"அதுக்கென்ன, நம்ம ஜீப்ப அனுப்புறோம். சோத்தையும் வளையலையும் ஏத்தி விட்ருங்க. அவுக மேலுக்கு முடியாதவுக, மெதுவா வீட்டுக்குத் திரும்பட்டும். பிள்ளைய நாங்க கொண்டாந்து விடுறோம்" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள்.

அக்கா போனை என் கையிலிருந்து வாங்கினாள். "சோத்த மட்டும் அனுப்ப நான் என்ன மெஸ்ஸா நடத்துறேன்? ராகுகாலம் போனா எமகண்டம் வரும், அதுவும் போனா நல்ல நேரம் வரும். நான் வந்துதான் வளையல் போடுவேன். பிள்ளையப் பசியோட உக்கார வைக்காதீக" என்று சொல்லிப் போனை அணைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "ஏன்டி, போய்ச் சேந்துருவோமா? இல்ல மாமா சொல்ற வீட்டத்தான் கடைசி வரைக்கும் பாக்கணுமா?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பார்த்த பார்வையில் அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

வால்வை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு ஹோஸ் முனையையும் திரும்ப இணைக்க வேண்டும். அதற்கு நடுவில் ஒரு துண்டுக் குழாய் தேவை. அவர் சட்டைப் பையில் கைவிட்டு எடுத்தார். டிரிப் இணைப்பு. மறுபடியும் பிளாஸ்டிக். நான் வாங்கிப் பள்ளத்தில் எறிந்தேன். அது கீழே போய் விழுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

"ஏத்தா, அது புதுசு" என்றார்.

"இரும்புல எதாவது தேடுங்க."

வண்டிக்குள் சுற்றிப் பார்த்தோம். ஜன்னல் திரை தொங்கிய கம்பி கண்ணில் பட்டது. எவர்சில்வர் குழாய். கழற்றி ஹோஸில் வைத்துப் பார்த்தால் இறுக்கமாகப் பொருந்தியது. டிரிப் போட்ட விவசாயியின் பையில் ரம்பப் பிளேடு இல்லாமல் இருக்காது. இதுவரை அவரைத் திட்டியதில் கொஞ்சத்தை இந்த இடத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வளைவில் உட்கார்ந்து, பட்டுக்கரை வேட்டியில் எண்ணெய் அப்ப, ஒரு சாண் குழாயை அறுத்து, முனையைக் கல்லில் தேய்த்து, மாட்டி, அதே கிளாம்பை முறுக்கினார். சொட்டு ஒழுகவில்லை. கக்கூஸுக்கென்று தொட்டியில் வைத்திருந்த தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினோம். அக்கா ஜன்னலை விட்டுத் தலையை நீட்டினாள்.

"தம்பி, பூராம் ஊத்திறாதீக. எனக்குக் கொஞ்சம் வையுங்க."

"வச்சிருக்கேன் மதினி."

வண்டி கிளம்பியது. முள் இறங்கியது. தரை சூடேறியது. அந்தச் சூட்டைப் பார்த்து முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன், கொஞ்ச நேரம்தான்.

"காலத் தூக்கு" என்றேன் அக்காவிடம்.

"எங்கன தூக்க?"

"டேஷ்போர்டு மேல வையி."

"பட்டுச்சேலை கட்டிட்டு, கால மேல நீட்டிட்டுச் சம்பந்தி வீட்டுக்கா? பாக்குறவுக என்ன சொல்வாக?"

"விரல் போனா என்ன சொல்வாகன்னு கேளு."

அக்கா காலைத் தூக்கி டேஷ்போர்டின்மேல் வைத்தாள். சேலையைக் கணுக்காலில் இறுக்கிக்கொண்டாள். முதலில் கூச்சம். இரண்டு வளைவு தாண்டியதும் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். என் கால்களுக்கு அப்படி வழியில்லை. நனைத்த துண்டைச் சுற்றிக்கொண்டு ஓட்டினேன். துண்டு காயக் காய என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து எட்டித் தண்ணீர் தெளித்தார். சில தடவை துண்டில் விழுந்தது, சில தடவை என் கண்ணில்.

கம்பம்மெட்டு செக்போஸ்டில் நிறுத்தினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் முதலில் அவர்களுக்குத் தெரிந்தது மஞ்சள் பூசிய இரண்டு உள்ளங்கால்கள். போலீஸ்காரர் சுற்றி வந்து பார்த்தார்.

"எந்தா, அம்மைக்குச் சுகமில்லே? ஆஸ்பத்திரிக்கா?"

"மகளுக்கு வளைகாப்பு" என்றாள் அக்கா, காலை எடுக்காமல். "புளிச்சோறு தரட்டா?"

அவர் வாங்கிக்கொண்டார். அந்த மலையில் அன்று எங்களை நின்று விசாரித்த ஒரே ஆள் அவர்தான், வெறுங்கையோடு அனுப்ப முடியுமா?

ராகுகாலம் முடிந்து வெகுநேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் மாமாவும் சம்பந்தியும் பாதி ஊரும் நின்றார்கள். பட்டுச்சேலையும் உள்ளங்காலுமாக வந்து இறங்கிய அக்காவைப் பார்க்க எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். அவள் யாரிடமும் நலம் விசாரிக்கவில்லை. மகளின் வயிற்றை ஒருதரம் தொட்டாள். நேராக உள்ளே நடந்தாள். "வளையல் போடணும், நேரமாச்சு" என்று மாமா பின்னாலேயே ஓடினார்.

"இருங்க" என்றாள். அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். பச்சைச் சுவர். போனில் பார்த்த அதே சுவர். அதைக் கையால் தடவினாள். மூடிக் கிடந்த சன்னலைத் திறந்தாள். ஏலச்செடி வாசத்தோடு காற்று வந்தது. அதன் பிறகுதான் வெளியே வந்து மகளை மணையில் உட்காரவைத்து வளையல் போட்டாள். மகள் அழுதாள். "அழுகாத, வளையல் ஒடையும்" என்றாள். தானும் அழுதாள்.

மறுநாள் வண்டியைக் கட்டப்பனையில் ஒரு ரேடியேட்டர் கடையில் விட்டோம். கழற்றிக் குத்தி எடுத்தபோது சேற்று உருண்டையாக விழுந்தது. குமுளிக்காரர் ஆற்றுத் தண்ணீர் ஊற்றியிருப்பார்போல. ரேடியேட்டர் சுத்தமான பிறகு ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் வளைந்த இரும்புக் குழாய் வைத்துச் சேர்த்துக் கட்டச் சொன்னேன். கடைக்காரர், "இங்க குளிராச்சே, ஹீட்டர் வேண்டாமா?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேலையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மட்டும் ஒருமுறை கடைக்காரரிடம் ரகசியமாக, "இந்த வளைவு எத்தன எம்எம்?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

வண்டியை மலையில் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தேன். முள் பாதியில் நின்றது. தரை குளிர்ந்திருந்தது. வெறுங்காலை வைத்து நன்றாக அமுக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

வேலை முடிய மூன்று நாளாகிவிட்டது. அந்த மூன்று நாளும் அக்கா மகள் வீட்டிலேயே இருந்தாள். வளையல் போட்ட அன்றே பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்புவதுதான் வழக்கம். வண்டி இல்லை என்றதும் யாரும் வழக்கம் பேசவில்லை. நான் வண்டியைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். யாரும் வரவில்லை. திரும்ப அடித்தேன். அக்காவின் குரல் மட்டும் அடுப்படி சன்னல் வழியாக வந்தது.

"ஏன்டி அங்கன நின்னு அடிச்சுக்கிட்டே இருக்க? வண்டி சரியாயிருச்சா?"

"ஆயிருச்சு. கெளம்பு."

"எங்கன கெளம்ப? சம்பந்திக்கு நம்ம ஊரு புளிக்கொழம்பு வச்சுக் காட்டிக்கிட்டு இருக்கேன். உளுந்து வேற ஊறப்போட்டுட்டோம். நாளைக்குப் போலாம்."

நான் இன்னும் இரண்டுமுறை ஹாரன் அடித்தேன். பிறகு இஞ்சினை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன்.